நாலு பேர் நடுவில் ஒரு விசித்திர வேஷம்

கல்லூரி விடுமுறை. உங்கள் பெண்ணைத் தேடி மூன்று சிநேகிதிகள் வந்திருக்கிறார்கள். கூடத்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ விளையாடுகிறார்கள். ஆளுக்கு ஒரு காகிதம், ஒரு பென்சில். நடுவில் கலர் கலராய்ப் பகடைகள். நீங்கள் காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறீர்கள். உங்கள் அருமைப் புதல்வி கரகரத்த குரலில் சொல்கிறாள்:

"எனக்கு வயது எழுபது. வாயிலே ஒரு பல் கிடையாது. ஆனாலும் நான் திறக்காத பூட்டு இந்த ராஜ்யத்திலேயே இல்லை!"

மற்றவர்கள் சிரிக்கவில்லை. "பாட்டி, இந்தக் கதவைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வெகு மரியாதையாகக் கேட்கிறார்கள்.

காப்பியை வைத்துவிட்டு வேப்பிலை தேடப் போய்விடாதீர்கள், சகோதரி! பெண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இதற்கு 'ரோல்-பிளேயிங் கேம்' என்று பெயர். பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு என்று நாம் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பிறந்து உலகம் முழுதும் பரவி, இப்போது நம் நகரத்துப் பிள்ளைகளின் மேஜைக்கும் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒருவர் கதை நடத்துபவர். "இருட்டிவிட்டது. எதிரே பாழடைந்த கோட்டை. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது" என்று அவர் ஆரம்பிப்பார். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்து, "நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்று அவரவர் சொல்ல வேண்டும். காரியம் பலிக்குமா, பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்த்து வைக்கும். இருபது முகமுள்ள பகடைகூட இதில் உண்டு. பரமபதத்தில் முதலில் வைகுண்டம் போகிறவருக்கு ஜெயம். இதில் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. கதை நன்றாக நடந்தால் எல்லோருக்கும் திருப்தி. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் கதையும் உண்டு. வாரா வாரம் கூடி, நம் தொடர்கதைகளைப் போல இரண்டு வருஷம் ஓடுகிற கதையும் உண்டு.

பெரும்பாலோர் வாள் வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, காட்டு வழி தெரிந்த வில்லாளியாகவோ வேஷம் கட்டுகிறார்கள். ஆனால் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். "எனக்கு ராஜபார்ட் வேண்டாம். நான் பல் போன கிழவி. நான் முயல். நான் வாளைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த சிப்பாய்" என்பார். இந்த வாரம் நான் பேச வந்தது அந்த ஒருவரைப் பற்றித்தான். ஏனென்றால் ஒரு மாலைப் பொழுது அவரால் பிரமாதமாகவும் ஆகிறது. அவரால் பாழாகவும் போகிறது. எது எப்போது என்று பார்ப்போமா?

துண்டுப் பிரசுரம் ஜெயித்த கதை

1969-ஆம் வருஷம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம். அங்கே சில வாலிபர்கள் கூடிப் பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி, பழைய காலத்து யுத்தங்களை விளையாடி வந்தார்கள். அவர்களில் டேவிட் வெஸ்லி என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நெப்போலியன் காலத்துச் சிற்றூர் ஒன்றைக் கற்பனை செய்தார். அதற்கு 'பிரவுன்ஸ்டைன்' என்று பெயர். சேனாதிபதிகளுக்கு மட்டும் ஆள் வைத்தால் போதாது என்று, நகரத் தலைவர், பாங்கு முதலாளி, சர்வகலாசாலைத் தலைவர் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு வேஷம் கொடுத்துவிட்டார்.

விளைவு, ஒரே ரகளை! யுத்தம் நடக்கவே இல்லை. ஆளுக்கு ஒரு மூலையில் போய் ரகசியம் பேசினார்கள், பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். விளையாட்டு படுதோல்வி என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ, "மறுபடி எப்போது?" என்று கேட்டார்கள்.

பின்னால் அவர் நடத்திய ஓர் ஆட்டத்தைப் பற்றி இந்த விளையாட்டுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். இடம், லத்தீன் அமெரிக்காவில் ஒரு கற்பனைக் குட்டி தேசம். மற்றவர்களுக்கெல்லாம் பட்டாளம், போலீஸ், அதிகாரம். டேவ் ஆர்னெஸன் என்ற வாலிபருக்குக் கிடைத்தது புரட்சிக்கார மாணவன் வேஷம். கையில் ஆயுதம் கிடையாது. துண்டுப் பிரசுரக் கட்டுதான். பிரசுரத்தை ஜனங்களிடம் சேர்ப்பித்தால் அவருக்கு மதிப்பெண். அவர் என்ன செய்தார் தெரியுமா? தான் உண்மையில் அமெரிக்க உளவாளி என்று மற்றவர்களை நம்ப வைத்தார். தேசத்துக் கஜானா தன்னிடம் இருப்பதுதான் பத்திரம் என்று பேசியே சம்மதிக்க வைத்தார். கஜானாவோடு ஹெலிகாப்டரில் ஏறிப் பறந்தார். அதோடு விட்டாரா? நகரத்துக்கு மேலே போகும்போது பிரசுரக் கட்டுகளை அவிழ்த்துக் கீழே கொட்டினார்!

பலமில்லாத வேஷம் மட்டமான வேஷமல்ல என்பது அன்று அந்த மேஜையில் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். பீரங்கி வைத்திருந்தவன் பீரங்கியைத்தான் யோசித்தான். ஒன்றுமில்லாதவன் எல்லாவற்றையும் யோசித்தான்.

கோரைப்பல் பிரபுவும் ஒரு குருவும்

1971-இல் அதே ஆர்னெஸன் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை வைத்துத் தாமே கதை நடத்தலானார். அதில் ஓர் ஆட்டக்காரருக்கு வந்து சேர்ந்த வேஷம், ரத்தம் குடிக்கும் பேய். நம்மவர்களுக்கு டிராகுலா என்றால் புரியும். 'ஸர் ஃபாங்' என்று பெயர். கோரைப்பல் பிரபு என்று சொல்லலாம். நாளாக ஆகப் பிரபுவின் பலம் ஏறிக்கொண்டே போயிற்று. மற்றவர்களால் கிட்டே நெருங்க முடியவில்லை. ஒரே ஒருவருக்குத்தான் கொண்டாட்டம், மற்றவர்களுக்குத் திண்டாட்டம்.

சாதாரணமாக இந்த இடத்தில் மனஸ்தாபம் வந்து கூட்டம் கலைந்திருக்கும். இங்கே அப்படி ஆகவில்லை. பேயை எதிர்க்கவென்றே ஒரு புது வேஷம் உண்டாயிற்று. டிராகுலாப் படங்களில் சிலுவையை நீட்டிப் பேயைப் பின்வாங்கச் செய்கிற ஆசாமியைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி ஒரு மதகுரு. மைக் கார் என்பவர் அந்த வேஷத்தை ஏற்றார்.

1974-இல் இந்த விளையாட்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் புஸ்தகமாக வந்தபோது, அதில் இருந்த தொழில்கள் மூன்றே மூன்று. வீரன், மந்திரவாதி, குரு. அரை நூற்றாண்டாக எத்தனையோ பேர் குரு வேஷம் கட்டிக் காயம் ஆற்றுகிறார்கள், பேய் விரட்டுகிறார்கள். அதற்கெல்லாம் மூலகாரணம், பிளாக்மூரில் ஒருவர் கட்டிய விபரீத வேஷம்தான்!

இந்தச் சங்கதியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசித்திர வேஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு வேலை கொடுத்தது. நான் சொல்ல வந்ததன் சாரமே அதுதான்.

வேதாளமாகவும் ஆகலாம், ஆனால்...

மேற்படி புஸ்தகத்தை ஆர்னெஸனோடு சேர்ந்து உருவாக்கியவர் கேரி கைகாக்ஸ். விஸ்கான்ஸின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரை ஊர்க்காரர். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி உத்தியோகம் போன பிறகு வீட்டில் செருப்பு ரிப்பேர் செய்து குடும்பம் நடத்தியவர். முதன்முதலில் இந்த விளையாட்டை ஆடிப் பார்த்தவர்கள் அவருடைய சொந்த மகனும் மகளும்தான். முதல் பதிப்பு 1000 பிரதிகள். விலை பத்து டாலர்.

அந்த முதல் புஸ்தகத்திலேயே தாராளமான ஒரு விதி இருந்தது. ஆட்டக்காரர் எதுவாக வேண்டுமானாலும் வேஷம் கட்டலாம். பறக்கும் நாகமாகக்கூட ஆகலாம். ஆனால் எடுத்த எடுப்பில் பெரிய நாகமாக ஆக முடியாது. குட்டி நாகமாக ஆரம்பித்து மெள்ள மெள்ள வளர வேண்டும்.

ஐந்து வருஷம் கழிந்தது. 1979-இல் கதை நடத்துபவர்களுக்கென்று எழுதிய புஸ்தகத்தில் கைகாக்ஸ் குரலை மாற்றிக்கொண்டார். ராக்ஷஸ வேஷம் கேட்கிறவர்களில் பலர் மற்றவர்களை அடக்கி ஆளும் பலத்துக்காகத்தான் கேட்கிறார்கள், ஆகையால் ஜாக்கிரதை என்பது அவருடைய கருத்து. மனுஷ்ய வேஷமே நெடுநாள் சலிக்காது என்றும் வாதாடினார்.

அவர் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பலத்துக்காக விசித்திரம் தேடுகிறவரோடு விளையாடுவது கஷ்டந்தான். ஆனால் பலவீனத்துக்காக விசித்திரம் தேடுகிறவரும் உண்டல்லவா? துண்டுப் பிரசுரக்காரர் அந்த ரகம்.

பெண்ணுக்கு ஐம்பது போதுமாம்!

இன்னொரு விதியையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1978-இல் வந்த ஆட்டக்காரர் கைப்புஸ்தகத்தில் பாத்திரத்தின் உடல் பலத்துக்கு 18 வரை எண் உண்டு. வீரர்களுக்கு மட்டும் அதற்கு மேலும் சதவிகிதக் கணக்கு. மனித ஆணாக இருந்தால் நூறு வரை போகலாம். பெண்ணாக இருந்தால் ஐம்பதோடு நிற்க வேண்டும்! நாகம் நெருப்புக் கக்குவதை நம்பிய புஸ்தகத்தால், ஒரு பெண் பாறையைத் தூக்குவதை நம்ப முடியவில்லை. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதுவரை பலசாலிப் பெண் என்பதே 'விசித்திர வேஷம்' கணக்கில்தான் சேர்ந்திருந்தது.

ஆண் பெண் வேஷமும், பெண் ஆண் வேஷமும் கட்டுவது நமக்குப் புதிதல்ல. பாய்ஸ் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட்டுகளைப் பற்றி உங்கள் பாட்டிமார் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள். 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே திரையில் தோன்றினார். வேஷம் பார்க்க வந்தவர்களைப் பக்தியில் உருக்கி அனுப்பினார். கேலிக்காக அல்லாமல் உள்ளே புகுந்து கட்டிய வேஷம் எடுபடும். மேஜை விளையாட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தும். எதிர்ப்பாலார் வேஷமோ, வேறு தேசத்தார் வேஷமோ கட்டுகிறவர், அவர்களைக் கிண்டல் பண்ணுவதற்கென்று கட்டினால் பத்து நிமிஷத்தில் மேஜை கசந்து போகும். அந்த மாதிரி ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

முயல், கரடி, பாட்டி

விசித்திரத்தையே மூலதனமாக வைத்து எழுதிய விளையாட்டுகளும் உண்டு. 1976-இல் 'பன்னீஸ் அண்ட் பரோஸ்' என்று ஒன்று வந்தது. ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் முயல்கள்! ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972-இல் எழுதிய முயல் நாவலின் தூண்டுதலால் பிறந்தது. முயலுக்கு வாள் பிடிக்கக் கையில்லை. மோப்பம் பிடிக்கலாம், ஓடலாம், புத்தியை உபயோகிக்கலாம். தோட்டக்கார மனிதர் ஒருவர் நடந்து வந்தாலே அந்தக் கதையில் ராக்ஷஸன் வந்த மாதிரிதான்.

1981-இல் 'கால் ஆஃப் கதுலு' வந்தது. அதில் கதாநாயகர்கள் பேராசிரியர்கள், டாக்டர்கள், புஸ்தகசாலைக்காரர்கள், என் தொழில்காரர்களான பத்திரிகை நிருபர்கள். சண்டைக்கு லாயக்கில்லாத கூட்டம்! ஆனால் பழைய ஏட்டைத் தேடிப் படிக்கத் தெரிந்தவர் பல சமயம் துப்பாக்கிக்காரரைக் காப்பாற்றிவிடுவார். உடம்புக்கு எண் இருப்பது போல மனத்தெளிவுக்கும் எண் உண்டு. பயங்கரங்களைப் பார்க்கப் பார்க்க அது குறையும்.

2017-இல் கிரான்ட் ஹாவிட் என்ற ஆங்கிலேயர், 'ஹனி ஹைஸ்ட்' என்று ஒரே பக்கத்தில் ஒரு விளையாட்டு எழுதினார். எல்லோரும் கரடிகள். நோக்கம், தேன் திருடுவது. மொத்தமே இரண்டு குணங்கள்தான்: கரடித்தனம், களவுத்தனம்.

நம் வாசகிகளுக்கு மிகவும் பிடிக்கக்கூடியது 'பிரிண்டில்வுட் பே'. இதை எழுதியவர் ஜேஸன் கார்டோவா. அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோரத்தில் ஒரு சிற்றூர். மர்ம நாவல் படிப்பதற்கென்று சங்கம் வைத்திருக்கும் வயதான அம்மாள்கள். ஊரில் கொலை நடக்கிறது. பாட்டிமார் துப்புத் துலக்குகிறார்கள். இதில் ஒரு விசேஷம் உண்டு. கொலைகாரன் யாரென்று கதை நடத்துபவருக்கே தெரியாது! கிடைத்த தடயங்களையெல்லாம் வைத்துப் பாட்டிமார் தாமே ஒரு முடிவுக்கு வரவேண்டும். அது சரியா என்று பகடைதான் தீர்ப்புச் சொல்லும்.

இந்த நாலையும் பாருங்கள். எதிலும் ஒரு விசித்திரப் பேர்வழி தனியாக நின்று மற்றவர்களை வேடிக்கை பார்க்கவில்லை. முயலுக்கு முயல் துணை; பாட்டிக்குப் பாட்டி துணை.

"என் பாத்திரம் அப்படித்தான்!"

இனிக் கசப்பான பக்கம்.

நாலு பேர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திருடன் வேஷம். தோழர்கள் தூங்கும்போது அவர்கள் மூட்டையிலேயே கை வைக்கிறார். "ஏனப்பா இப்படி?" என்றால், "நான் என்ன பண்ணட்டும்? என் பாத்திரம் அப்படித்தான்!" என்கிறார். இன்னொருவர் ஊரும் பேரும் சொல்லாத மர்ம ஆசாமி. முக்காட்டைப் போட்டுக்கொண்டு சத்திரத்து மூலையில் உட்கார்ந்துவிடுகிறார். மற்றவர்கள் வலியப் போய்க் கூப்பிட்டாலும், "நான் தனிமை விரும்பி" என்கிறார். இதைத் தம்முடைய தனித்தன்மை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் இந்த விளையாட்டில் மிகவும் அடிபட்டுப்போன வேஷமே அதுதான்!

"பாத்திரம் அப்படித்தான்" என்ற சமாதானம் செல்லாது. அந்தப் பாத்திரத்தை எழுதியது யார்? அவரேதான். தோழர்களிடம் மட்டும் திருடாத திருடனாக அவனை ஏன் எழுதக்கூடாது? சிறு வயதில் சோறு போட்டவர்கள் வீட்டில் கை வைக்கமாட்டான் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இப்போது அவன் திருடனும் ஆனான், சிநேகிதனும் ஆனான். கதைக்கும் வளம்.

மற்றோர் உதாரணம். வாளைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த சிப்பாய் என்று முன்னே சொன்னேனே, அவனையே எடுத்துக்கொள்வோம். எதிரிகள் சூழ்ந்துகொள்கிறார்கள். "நான் சண்டை போடமாட்டேன்" என்று அவன் கைகட்டி உட்கார்ந்தால் மற்ற மூவருக்கும் சுமை. அவர்கள் அவனுக்கும் சேர்த்து அடிபட வேண்டும். அதே சிப்பாய் வெறுங்கையோடு முன்னால் போய் நின்று, "உங்கள் தலைவனோடு ஒரு வார்த்தை பேச வேண்டும்" என்கிறான் என்று வையுங்கள். மேஜையே நிமிர்ந்து உட்காருகிறது! ஒருத்தி அவன் பேசும் நேரத்தில் பின்பக்கமாகப் போகலாம். ஒருத்தி அவன் சொல்கிற பொய்க்குப் பக்கவாத்தியம் வாசிக்கலாம். ஒருத்தி, பேச்சு பலிக்காவிட்டால் பாய்வதற்கு வில்லில் நாணேற்றலாம். சத்தியம் அதே சத்தியந்தான். முதலாவது மூவரின் பொழுதைப் பறித்தது. இரண்டாவது மூவருக்கும் வேலை கொடுத்தது.

உங்கள் வீட்டுக்குச் சில யோசனைகள்

வீட்டில் ஆடுகிறவர்கள் இருந்தால் இதைக் கத்தரித்துக் கொடுங்கள்.

வேஷம் எதுவானாலும், இந்த நாலு பேரோடு அது ஏன் சேர்ந்து வருகிறது என்பதற்கு ஒரு காரணம் முதலிலேயே இருக்கட்டும். தம்பியைத் தேடி வரலாம், கடன் தீர்க்க வரலாம், வெறும் நன்றிக்காகவும் வரலாம்.

ஒரு விசித்திரம் போதும். கிழவி என்றால் கிழவி. அவளே பேயும், அவளே ராஜகுமாரியும், அவளே ஊமையும் என்றால் யாருக்கும் ஞாபகம் நிற்காது. சமையலில் பெருங்காயம் மாதிரிதான்.

பயங்கொள்ளி வேஷம் நல்ல வேஷம். ஆனால் ஓடும்போது தோழர்கள் இருக்கும் பக்கமாக ஓட வேண்டும்.

நம் முறை முடிந்ததும் வாயை மூடிக் காதைத் திறக்க வேண்டும். நாம் பேசிய அளவுக்காவது அடுத்தவர் பேசக் கேட்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து, எந்த மாதிரிக் கதை, எதெல்லாம் வேண்டாம் என்று பேசி வைத்துக்கொள்வது இப்போது பல குழுக்களின் வழக்கம். 2013-இல் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்ற அமெரிக்கர் ஒரு சுலபமான உபாயம் சொன்னார். ஒரு சீட்டில் 'எக்ஸ்' என்று எழுதி மேஜை நடுவில் வைத்துவிட வேண்டும். கதையில் யாருக்காவது மனசுக்கு ஒவ்வாத கட்டம் வந்தால், அந்தச் சீட்டைத் தொட்டால் போதும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மேலே போக வேண்டும். விசித்திர வேஷம் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சீட்டு விலங்கல்ல. துணிந்து ஆடுவதற்குத் தைரியம் தருவதே அதுதான்.

பிள்ளை அப்படியே ஆகிவிடுமோ?

தாய்மார்களுக்கு அந்தரங்கமாக ஒரு சந்தேகம் இருக்கும். இப்படிக் கொள்ளைக்காரியாகவும் பேயாகவும் ஆடிக்கொண்டிருந்தால் பெண் அந்த மாதிரியே ஆகிவிடமாட்டாளா?

1980-களில் அமெரிக்கப் பெற்றோர்களும் இந்தப் பயத்தில் நடுங்கினார்கள். விளையாட்டில் சைத்தான் வழிபாடு இருக்கிறது என்று புரளி. ஆட்டக்காரன் ஒருவன் தன் பாத்திரமாகவே மாறிப் புத்தி பேதலித்துப் போவதாக 1982-இல் 'மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' என்று டெலிவிஷனில் படமே வந்தது. இளைஞரான டாம் ஹாங்க்ஸ்தான் அதில் கதாநாயகர். நாளடைவில் அந்தப் பீதி அடங்கிப்போயிற்று. அன்று ஆடிய பிள்ளைகளில் பலர் இன்று தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடுகிறார்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வேஷம் கட்டுகிறவளுக்கு வேஷம் என்று தெரியும். கிழவியாகப் பேசிவிட்டுப் பகடையை உருட்டுகிறாளே, அந்தக் கை அவளுடைய கைதான். வேஷம் கலைந்த பிறகு அவளிடம் தங்குவது கொள்ளைக்காரித்தனம் அல்ல. வேறு ஏதோ ஒன்று தங்குகிறது.

கதை நடத்துபவர் சுற்றிச் சுற்றிக் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்று சொன்னேன். "நீ என்ன செய்யப் போகிறாய்?" யோசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் எத்தனை பெண்களிடம் யார் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்? கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நாலு பேர் வாயைத் திறக்காமல் எங்கே காத்திருக்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் பேசாதவள், கல்யாணக் கூட்டத்தில் தூணோரம் நிற்பவள், "உன் இஷ்டம்" என்றே சொல்லிப் பழகியவள், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பல்லில்லாத கிழவியாகத் தைரியமாக "மாட்டேன்!" என்கிறாள். அவளால் சொல்ல முடியாததைக் கிழவி சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கதை திசை திரும்புகிறது. நாலு பேர் அவள் சொன்னதற்கு ஏற்றாற் போல் நடந்துகொள்கிறார்கள். தன் பேச்சுக்கு அந்த மாதிரி பலன் உண்டு என்று ஒரு தடவை கண்டவள், அதை இலேசில் மறந்துவிடமாட்டாள்.

அதனால்தான் அந்த மேஜையில் எல்லோருக்கும் முறை வரவேண்டும் என்று இத்தனை வற்புறுத்துகிறேன். ஒரு விசித்திரப் பேர்வழி மூன்று மணி நேரத்தையும் தாமே விழுங்கிவிட்டால், அந்தத் தூணோரப் பெண்ணின் வாய் அங்கேயும் திறக்காது.

வேஷம் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இந்தக் கிழவியால், இந்த முயலால், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன வேலை?" பதில் இருந்தால் தாராளமாகக் கட்டட்டும். பதில் இல்லையென்றால் இன்னும் ஐந்து நிமிஷம் பென்சிலைக் கடித்து யோசிக்கட்டும்.

அப்புறம், ஒரு சனிக்கிழமை சமையல் வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிட்டு நீங்களும் அந்த மேஜையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என்ன வேஷம் கட்டினீர்கள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். "வேஷமா, எனக்கா?" என்று சிரிக்காதீர்கள். இருபது வருஷமாக ஒரு குடும்பத்தை நடத்துகிறவருக்குக் கோட்டைக் கதவு ஒரு பிரமாதமா?